கனடாவில் பிரித்தானியா எவ்வளவு இருக்கிறது? குடியுரிமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவில் குடியுரிமைச் சோதனைக்கு ஆயத்தம் செய்கிறவர்களுக்குப் படிப்பித்து வருகிறேன். சோதனை 18 முதல் 54 வயது வரையானவர்களுக்குத்தான். 20 கேள்வி, 15 சரியென்றால் சித்தி. ஆனால் வகுப்புக்கு அம்மா அப்பாமாரும் கூடவே வருவார்கள். அவர்களுக்குச் சோதனை இல்லாவிட்டாலும் சத்தியப்பிரமாணம் உண்டு. மன்னர் பெயர் வரும் அந்த இடத்தில்தான் கேள்விகள் கிளம்பும். அரசாங்கக் கையேட்டில் விடை இருக்கும், அதன் பின்கதை இராது. அந்தப் பின்கதையைத் தேடி வாசித்துச் சொல்லத் தொடங்கியதில் சேர்ந்தவை இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணப் பேச்சும் தமிழ்நாட்டுப் பேச்சும் கலந்து வரும்.

1. கனடா சுதந்திர நாடுதானே? பிறகேன் இங்கிலாந்து ராசாவுக்குச் சத்தியம் பண்ணச் சொல்லினம்?

பிரமாணத்தைக் கவனமாக வாசித்துப் பாருங்கள். "கனடாவின் மன்னர் மூன்றாம் சார்ள்ஸ்" என்றுதான் அதில் வரும். ஆள் ஒருவர்தான், பதவிகள் வேறு வேறு. பிரித்தானிய மன்னராக அவர் பிரித்தானிய அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடக்கிறார். கனடாவின் மன்னராகக் கனடிய அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடக்கிறார். லண்டனில் இருக்கும் பிரதமருக்கு இங்கே ஒரு சொல்லும் இல்லை.

இது எங்களுக்குப் புதிய ஏற்பாடும் அல்ல. 1948இல் சுதந்திரம் பெற்ற பிறகும் இலங்கைக்கு முதலில் ஆறாம் ஜோர்ஜ் மன்னராகவும், 1952 முதல் 1972 மே 22 வரை எலிசபெத் இராணியாகவும் இருந்தார்கள். இந்தியாவிலும் 1947க்குப் பிறகு 1950 ஜனவரி 26 வரை ஆறாம் ஜோர்ஜ்தான் மன்னர். வகுப்புக்கு வரும் எழுபது வயதுக்காரர் பலர் இராணியின் கீழ்ப் பிறந்தவர்கள்தான். அந்த இரண்டு நாடுகளும் குடியரசாகின. கனடா அந்தக் கதவைத் திறக்கவில்லை.

2. ராசா லண்டனில. அப்ப இஞ்ச கையெழுத்துப் போடுறது ஆர்?

ஆளுநர் நாயகம். பிரதமர் சொல்பவரை மன்னர் நியமிப்பார். சட்டமூலங்களில் ஒப்பமிடுவது, பாராளுமன்றத்தைக் கூட்டுவது, கலைப்பது எல்லாம் இவர் வேலை. நடைமுறையில் பிரதமரின் சொற்படிதான். 1926இல் ஒருமுறை அது பிசகியது. பிரதமர் மக்கென்சி கிங் பாராளுமன்றத்தைக் கலைக்கச் சொன்னார், ஆளுநர் நாயகம் பிங் பிரபு மறுத்துவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர் அமைத்த அரசு சில நாட்களிலேயே விழுந்தது. லண்டன் அனுப்பிய ஒரு பிரபு கனடியப் பிரதமருக்கு மறுப்புச் சொல்லலாமா என்ற கேள்வியை முன்வைத்துத் தேர்தலில் நின்ற கிங் வென்று திரும்பினார்.

அந்த நாற்காலியில் யார் இருந்தார்கள் என்று பார்த்தாலே நாடு மாறிய விதம் தெரியும். 1952 வரை எல்லோரும் பிரித்தானியாவிலிருந்து வந்தவர்கள். அந்த ஆண்டு வின்சன்ற் மாசி கனடாவில் பிறந்த முதல் ஆளுநர் நாயகமானார். 1999இல் ஹொங்கொங்கிலிருந்து குழந்தையாக அகதியாய் வந்த ஏட்ரியன் கிளார்க்சன், 2005இல் ஹெயிட்டியில் பிறந்த மிஷெல் ஜான், 2021இல் இனுயிற் இனத்தவரான மேரி சைமன். பூர்வகுடியினர் ஒருவர் ஆளுநர் நாயகமானது அதுவே முதல் தடவை.

3. அப்போ கனடாவோட சுதந்திர தினம் ஜூலை 1தானே சார்?

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆகஸ்ட் 15 மாதிரி ஒரு நள்ளிரவைத் தேடுகிறார்கள். கனடாவுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. 1867 ஜூலை 1 அன்று ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் என்ற நான்கும் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி ஒரே நாடாக இணைந்தன. உள்நாட்டு விவகாரம் கைக்கு வந்தது. வெளிநாட்டு விவகாரம் லண்டனிடமே இருந்தது. 1914 ஆகஸ்டில் பிரித்தானியா போர் அறிவித்த கணத்தில், யாரும் ஒட்டாவாவைக் கேட்காமலே கனடாவும் போரில் இருந்தது.

அந்தப் போர்தான் மனநிலையை மாற்றியது. 1917 ஏப்ரலில் பிரான்சின் விமி மேட்டில் கனடியப் படையின் நான்கு பிரிவுகளும் முதன்முறை ஒன்றாகப் போரிட்டன. மேடு கைப்பற்றப்பட்டது; நான்கு நாட்களில் 3,598 பேர் செத்தார்கள். அந்தப் படைக்குத் தளபதியாக இருந்த பிரித்தானியர் வேறு யாருமல்ல, முந்தைய விடையில் வந்த அதே பிங். பிரித்தானியப் பேரரசுக்காகச் சண்டையிடப் போனவர்கள் கனடியர்களாகத் திரும்பி வந்தார்கள் என்று இங்கே பள்ளிகளில் படிப்பிப்பார்கள். அதில் உண்மை உண்டு. அதே ஆண்டு கட்டாய ஆட்சேர்ப்பால் கியூபெக் கொதித்ததும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும்.

பிறகு எல்லாம் படிப்படியாகத்தான். 1923இல் அமெரிக்காவோடு மீன்பிடி ஒப்பந்தம் ஒன்றில் கனடா முதன்முறை தனியாகக் கையெழுத்திட்டது. 1931இல் வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டம் வந்தது. கனடா கேட்டாலன்றி லண்டன் இனி இங்கே சட்டம் இயற்ற முடியாது. 1939இல் பிரித்தானியா செப்டம்பர் 3 அன்று போர் அறிவித்தது, கனடா தன் பாராளுமன்றத்தைக் கூட்டி செப்டம்பர் 10 அன்று அறிவித்தது. அந்த ஒரு வாரம் வேண்டுமென்றே எடுத்துக்கொண்ட வாரம்.

கடைசி முடிச்சு 1982 வரை அவிழவில்லை. அரசியலமைப்பைத் திருத்துவது எப்படி என்று மத்திய அரசும் மாகாணங்களும் உடன்பட முடியாததால் அந்த அதிகாரம் மட்டும் லண்டனிலேயே கிடந்தது. 1982 ஏப்ரல் 17 அன்று ஒட்டாவாவில் திறந்த வெளியில் இராணி கையெழுத்திட்டுக் கொடுத்தார். அன்று மழை. துளி விழுந்து மை கலங்கிய தடம் அந்தப் பத்திரத்தில் இன்றும் இருக்கிறது. "டொமினியன் டே" என்றிருந்த ஜூலை 1 "கனடா டே" ஆனதும் அதே ஆண்டில்தான்.

4. 1947க்கு முன்னம் கனடியர் எண்டு ஆக்களே இல்லையாம். உண்மையோ?

ஆட்கள் இருந்தார்கள், தனியான கனடியக் குடியுரிமைச் சட்டம்தான் இருக்கவில்லை. எல்லோரும் பிரித்தானியப் பிரசைகள். முதல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் கிளாஸ்கோவில் பிறந்தவர். பிரித்தானியப் பிரசையாகப் பிறந்தேன், பிரித்தானியப் பிரசையாகவே சாவேன் என்று 1891 தேர்தலில் முழங்கி வென்றார். அன்று அது நாட்டுப்பற்று. அமெரிக்காவோடு கரைந்து போகமாட்டோம் என்பதே அதன் பொருள்.

குடியுரிமைச் சட்டம் 1947 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சில நாளில் நாட்டின் உயர் நீதிமன்ற (Supreme Court) கட்டடத்தில் நடந்த விழாவில் முதலாவது சான்றிதழைப் பெற்றவர் பிரதமர் மக்கென்சி கிங். நீங்கள் வாங்கப் போகும் சான்றிதழின் வரிசை அங்கே தொடங்குகிறது.

5. எங்கட ஆக்களும் அப்ப பிரித்தானியப் பிரசைதானே? அவையை ஏன் உள்ள விடேல்லை?

வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் நான் பாடத்தை நிறுத்திவிட்டு இதற்கு நேரம் கொடுப்பேன். 1914 மே மாதம் கோமகட்டா மாரு என்ற கப்பல் வன்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. 376 பயணிகள். பெரும்பாலானவர்கள் பஞ்சாபின் சீக்கியர்கள், முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். எல்லோரும் சட்டப்படி பிரித்தானியப் பிரசைகள். பேரரசுக்குள் எங்கும் போகலாம் என்பதே அந்தப் பட்டத்தின் வாக்குறுதி.

ஆனால் 1908இல் கனடா ஒரு விதி போட்டிருந்தது: பிறந்த நாட்டிலிருந்து எங்கும் நிற்காமல் ஒரே பயணமாக வரவேண்டும். இந்தியாவிலிருந்து அப்படி வரக் கப்பலே இல்லை. விதியில் "இந்தியர்" என்ற சொல் கிடையாது. நோக்கம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதம் கப்பலைத் தண்ணீரிலேயே நிறுத்தி வைத்து, சிலரை மட்டும் இறக்கவிட்டு, ஜூலை 23 அன்று போர்க்கப்பல் துணையோடு திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பஜ்பஜ்ஜில் கரையேறியபோது பொலிசார் சுட்டதில் பயணிகள் பலர் மாண்டார்கள். 2016இல் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

பிரித்தானியத் தன்மை என்று கனடா பெருமைப்பட்ட காலம் முழுவதும் அதற்குள் ஒரு நிறக்கோடு ஓடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தென்னாசியர்கள் இழந்த வாக்குரிமை 1947இல்தான் திரும்பக் கிடைத்தது. பிறந்த நாட்டைப் பாராமல் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் முறை 1967இல் வந்தது. இங்கே நாங்கள் வந்து இறங்கியது அந்தப் புள்ளி முறையும் பின்னாளில் வந்த அகதிச் சட்டமும் திறந்த வழியால்.

6. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ்… இதெல்லாம் ஆர் வச்ச பேர்?

1793இல், இன்றைய ஒன்ராறியோவான மேல் கனடாவின் துணை ஆளுநர் ஜோன் கிரேவ்ஸ் சிம்கோவும் மனைவி எலிசபெத்தும் இங்கே வந்தார்கள். ஏரிக்கரையின் வெள்ளை மண் செங்குத்துகளைப் பார்த்த எலிசபெத்துக்கு இங்கிலாந்தின் யோக்‌ஷயரில் உள்ள ஸ்காபரோக் கடற்கரை நினைவுக்கு வந்தது. அவர் நாட்குறிப்பில் எழுதிய அந்த நினைப்பே இன்று நம் தபால் முகவரி. ரொறன்ரோவுக்கு சிம்கோ "யோர்க்" என்று பெயர் மாற்றினார். 1834இல் நகரமானபோது பழைய பூர்வகுடிப் பெயருக்கே திரும்பினார்கள். மார்க்கம் என்பது யோர்க் பேராயர் வில்லியம் மார்க்கமின் பெயர். பிக்கரிங், விற்பி இரண்டும் யோக்‌ஷயர் ஊர்கள்.

ஏஜாக்ஸ் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் குண்டு நிரப்பும் தொழிற்சாலைக்காக எழும்பிய ஊர் அது. 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கடலில் ஜெர்மன் கப்பலை மடக்கிய பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். பிரதான வீதி ஹார்வுட் அவனியூ, அந்தச் சண்டையை நடத்திய தளபதியின் பெயர். கப்பலில் இருந்த மாலுமிகளின் பெயர்கள் ஒழுங்கைகளுக்கும் இருக்கின்றன. அந்த வீதிகளில் இன்று தமிழ்ப் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள்.

பெயர் மாற்றங்களும் நடந்தன. முதல் உலகப் போரின் நடுவில், 1916இல், ஒன்ராறியோவின் பெர்லின் நகரம், பிரித்தானியப் போர் அமைச்சராக இருந்தவரின் பெயரில் கிச்சனர் ஆனது. அடிமை வணிக ஒழிப்பைத் தாமதப்படுத்தியவர் பிரித்தானிய அரசியல்வாதி ஹென்றி டண்டாஸ் என்ற வாதத்தின் பேரில், ரொறன்ரோ நடுவில் இருந்த யங்-டண்டாஸ் சதுக்கத்துக்கு சங்கோஃபா சதுக்கம் என்று பெயர் மாற்ற நகரசபை 2023இல் முடிவெடுத்தது.

7. அமெரிக்காக்காரனும் இங்கிலீஷ்தான், இவங்களும் இங்கிலீஷ்தான். என்ன சார் பெரிய வித்தியாசம்?

அமெரிக்கா பிரித்தானியாவை எதிர்த்துப் பிறந்தது. ஆங்கிலக் கனடாவின் பெரும் பகுதி, அந்தக் கிளர்ச்சியில் சேராதவர்களால் உருவானது. 1783இல் போர் முடிந்ததும் மன்னர் பக்கம் நின்ற பல்லாயிரம் பேர் வடக்கே வந்தார்கள். அவர்களுக்காகவே 1784இல் நியூ பிரன்ஸ்விக் பிரிக்கப்பட்டது; 1791இல் இன்றைய ஒன்ராறியோவான மேல் கனடா உருவானது. ஒன்ராறியோவின் சின்னத்தில் இருக்கும் லத்தீன் வாசகம், விசுவாசமாகத் தொடங்கியது விசுவாசமாகவே இருக்கும் என்கிறது.

வந்தவர்களில் சுமார் 3,000 கறுப்பினத்தவரும் இருந்தார்கள். பிரித்தானியப் பக்கம் வந்தால் விடுதலை என்ற வாக்கை நம்பி வந்தவர்கள். நோவா ஸ்கோஷியாவில் அவர்களுக்குக் கிடைத்த காணி குறைவு, கிடைத்ததும் கல்லும் கரடும். 1792இல் ஏறத்தாழ 1,200 பேர் கப்பலேறி சியரா லியோனுக்குப் போய்விட்டார்கள். விசுவாசத்தைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சொல்லவேண்டும்.

1813இல் அமெரிக்கப் படை யோர்க்கைப் பிடித்துச் சட்டசபையை எரித்தது. தூக்கிச் சென்ற சபைச் செங்கோலை 1934இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். பிரித்தானியத் தொடர்பு என்பது இங்கே நெடுங்காலமாக "நாங்கள் அமெரிக்கர் அல்ல" என்று சொல்லும் வழியாக இருந்து வந்திருக்கிறது.

8. அப்பிடியெண்டால் காரை மட்டும் ஏன் அமெரிக்காவைப் போல வலப்பக்கம் ஓடினம்?

ஒன்ராறியோவும் கியூபெக்கும் முதலிலிருந்தே வலப்பக்கம்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவும் அட்லாண்டிக் மாகாணங்களும் எங்களைப் போல இடப்பக்கம் ஓடி, 1920களின் முதற்பாதியில் மாறின. அப்போது தனி நாடாக இருந்த நியூபவுண்லாந்து 1947 வரை இடப்பக்கமே. காசும் அப்படித்தான்: பவுண், ஷில்லிங்கை விட்டு 1858இல் டொலர் கணக்குக்குப் போனது அமெரிக்க வியாபாரத்துக்காக. பிரித்தானியா சட்டத்திலும் சடங்கிலும் நின்றது, அமெரிக்கா சந்தைக்குள்ளால் வந்தது.

9. பிரெஞ்சுக்காரர் இதுக்கெல்லாம் எப்பிடிச் சம்மதிச்சவை?

சம்மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. 1759இல் கியூபெக் நகரத்துக்கு வெளியே நடந்த போரில் பிரித்தானியா வென்றது; 1763இல் பிரான்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. ஆனால் தெற்கே பதின்மூன்று குடியேற்றங்கள் முறுக்கிக்கொண்டு நிற்க, வடக்கிலும் பகை வேண்டாம் என்று 1774இல் கியூபெக் சட்டத்தை இயற்றினார்கள். கத்தோலிக்க மதத்துக்கு இடம், பிரெஞ்சுக் குடியியல் சட்டத்துக்கு இடம். கணக்குப் போட்டுச் செய்த காரியம்தான். இருந்தாலும் தோற்றவர்களின் சட்டத்தையும் வழிபாட்டையும் வென்றவர்கள் எழுத்தில் ஏற்றுக்கொண்டார்கள். இலங்கையில் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தைக் கண்ட எங்களுக்கு அதன் பெறுமதி விளங்கும்.

இன்றைக்கும் கியூபெக் இந்த மரபை வெளியே நின்றுதான் பார்க்கிறது. 1982 அரசியலமைப்புக்கு அந்த மாகாண அரசு இன்னும் ஒப்பவில்லை, ஆனாலும் சட்டம் அங்கேயும் செல்லும். 2022 டிசம்பரில், சட்டசபை உறுப்பினர்கள் மன்னர் பெயரில் பிரமாணம் எடுக்கத் தேவையில்லை என்று சட்டமே இயற்றினார்கள். மே மாத விடுமுறைக்கு அவர்கள் வைத்த வேறு பெயரை 11ஆம் விடையில் பாருங்கள்.

10. பழைய கொடியில யூனியன் ஜாக் இருந்ததாம். எப்ப எடுத்தவை?

1965 பெப்ரவரி 15. அதற்கு முன் சிவப்புத் துணியின் மூலையில் யூனியன் ஜாக். 1956 சூயஸ் நெருக்கடியில் அது பிரச்சினையானது. சமாதானப் படை என்ற யோசனையை ஐக்கிய நாடுகளில் கொண்டு சென்றவரே கனடாவின் லெஸ்ரர் பியர்சன். ஆனால் கனடியப் படையை எகிப்து தயக்கத்தோடு பார்த்தது. அப்போதுதான் பிரித்தானியா அவர்களைத் தாக்கியிருந்தது, கனடியர்களின் கொடியிலும் அதே சின்னம்.

பியர்சன் பிரதமரானதும் 1964இல் புதுக் கொடியை முன்வைத்தார். அதை முதலில் சொல்லத் தெரிந்தெடுத்த இடம் வின்னிபெக்கில் கூடிய முன்னாள் படைவீரர் மாநாடு. பழைய கொடியின் கீழ் நண்பர்களைப் புதைத்தவர்கள் நிறைந்த மண்டபம். கூச்சலிட்டு எதிர்த்தார்கள், அவர் பேசி முடித்தார். மாதக்கணக்கில் விவாதம் நடந்து, டிசம்பர் 15 அதிகாலை 163க்கு 78 என்று மேப்பிள் இலை வென்றது. அந்தத் துணிவு இந்த நாட்டின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த தருணம்.

தோற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒன்ராறியோவும் மனிற்றோபாவும் பழைய கொடியின் வடிவத்தையே மாகாணக் கொடியாக்கிக்கொண்டன. பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் ஒன்ராறியோக் கொடி பறந்தால் மூலையைக் கவனித்துப் பாருங்கள், யூனியன் ஜாக் இருக்கும்.

11. விக்டோரியா டேக்கு இஞ்ச லீவு. இங்கிலாந்தில விடினமோ?

இல்லை. விக்டோரியா இராணி பிறந்தது 1819 மே 24. மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமை இங்கே விடுமுறை. இப்போது அது வாணவேடிக்கைக்கும் தோட்டத்தில் கன்று நடுவதற்குமான நாள். கியூபெக்கில் 2003 முதல் அதே நாள் "தேசபக்தர் தினம்". 1837இல் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்து எழுந்தவர்களின் நினைவு நாள்.

12. சட்டம், கோர்ட்டு எல்லாமே பிரிட்டிஷ் முறைதானா?

பெரும்பாலும். கியூபெக்கின் குடியியல் சட்டம் தவிர மற்ற மாகாணங்களில் ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு. 1949 வரை கனடிய வழக்கின் கடைசிப் படி லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில். இலங்கையிலிருந்தும் வழக்குகள் அங்கேதான் போயின.

இதில் பெண்கள் அறிய வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. பாராளுமன்றத்தின் மேல்சபையான செனற்றுக்குத் தகுதியான "ஆட்கள்" என்பதில் பெண்கள் அடங்குவார்களா என்று அல்பேர்ட்டாவின் எமிலி மேர்பியும் தோழியர் நால்வரும் கேட்டார்கள். 1928இல் கனடாவின் உயர் நீதிமன்றம் இல்லை என்றது. லண்டனுக்குப் போனார்கள். 1929 ஒக்ரோபர் 18 அன்று சாங்கி பிரபு அந்தத் தீர்ப்பை மாற்றினார். அரசியலமைப்பு என்பது வளரக்கூடிய உயிருள்ள மரம் என்று அவர் எழுதிய கருத்தைக் கனடிய நீதிபதிகள் இன்றும் எடுத்தாளுகிறார்கள். பேரரசின் நீதிமன்றத்தில் பிறந்த அந்த எண்ணம் இங்கே உரிமைச் சாசனத்துக்கே வழிகாட்டியாக நிற்கிறது.

13. பிரித்தானியர் ஆண்ட எல்லா இடத்திலயும் கிரிக்கெட். இஞ்ச ஏன் பிடிபடேல்லை?

சர்வதேசக் கிரிக்கெட்டைத் தொடங்கி வைத்ததில் கனடாவுக்கும் பங்கு உண்டு. உலகின் முதல் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டம் 1844இல் நியூயோர்க்கில் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்தது, கனடா வென்றது. கோடை குறுகியது, பேஸ்போலும் எல்லையைத் தாண்டி வந்துவிட்டது. பிரித்தானியக் கை விளையாட்டில் வேறு விதமாக நிலைத்தது: ஹொக்கிக் கிண்ணம் 1892இல் ஆளுநர் நாயகம் ஸ்ரான்லி கொடுத்தது, கனடியக் கால்பந்துக் (சொக்கர் அல்ல) கிண்ணம் 1909இல் ஆளுநர் நாயகம் கிரே கொடுத்தது. ஸ்காபரோப் பூங்காக்களில் கிரிக்கெட்டை மீட்டு வைத்திருப்பது எங்கள் பிள்ளைகளும் மற்றத் தென்னாசியப் பிள்ளைகளும் கரீபியன் பிள்ளைகளும்.

14. இப்ப எல்லாரும் பல்கலாசாரம் எண்டினம். அப்ப பிரித்தானியச் செல்வாக்கு முடிஞ்சுதோ?

அதன் இடம் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ரொறன்ரோவின் மேயர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரேஞ்ச் சங்கம் என்ற புரொட்டஸ்தாந்து, முடியாட்சிச் சங்கத்தின் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் பூட்டிக் கிடக்கும். ஈட்டன்ஸ் கடை கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கூடத் திரை போட்டுவிடும். யூதரான நேதன் பிலிப்ஸ் 1954இல் மேயராகத் தெரிவானபோது அந்தக் காலம் ஆட்டம் கண்டது. 1906இன் ஞாயிறு ஓய்வுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் 1985இல் தள்ளுபடி செய்தது. ஒரு மதத்தின் ஓய்வு நாளை எல்லோர் மேலும் சுமத்த முடியாது என்பதே காரணம்.

1963இல் ஆங்கிலம், பிரெஞ்சு என்ற இரு கலாசாரங்களை ஆராய ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள். மேற்கு மாகாணங்களின் உக்ரேனியர் உட்படப் பலர் எழுந்து, நாங்கள் எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பிறந்தது 1971இன் பல்கலாசாரக் கொள்கை; 1988இல் அது சட்டமானது. ஜனவரி இன்று தமிழ் மரபுத் திங்கள் என்றால் அந்த உக்ரேனியருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். இப்போது பிரித்தானியா கனடாவின் முகமாக இல்லை. பாராளுமன்றம், நீதிமன்றம், பிரமாணம் என்ற எலும்புக்கூட்டில் இருக்கிறது.

15. 2021ல விக்டோரியா ராணி சிலையைக் கயிறு கட்டி இழுத்தாங்களே, ஏன் அவ்வளவு கோபம்?

அது வின்னிபெக்கில், கனடா டே அன்று. அதற்குச் சில வாரம் முன்புதான் கம்லூப்ஸ் வதிவிடப் பள்ளி வளவில் அடையாளமிடாத புதைகுழிகள் இருக்கக்கூடும் என்ற அறிவிப்பு வந்திருந்தது. 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, கனடிய அரசும் திருச்சபைகளும் அந்தப் பள்ளிகளை 1990கள் வரை நடத்தின. தாய்மொழி பேசினால் அடி. பிரித்தானிய வழக்கத்தை நாகரிகம் என்று பெயரிட்டுப் பிள்ளைகள் மேல் திணித்த வேலை அது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் அதைக் கலாசார இனப்படுகொலை என்றே எழுதியது.

ஆனால் முடியரசோடு பூர்வகுடிகளின் உறவு வெறும் கோபம் மட்டும் அல்ல. 1763இல் மூன்றாம் ஜோர்ஜின் பிரகடனம், அவர்கள் நிலத்தை முடியரசோடு ஒப்பந்தம் செய்தாலன்றி யாரும் எடுக்க முடியாது என்றது. அதன்படி செய்த ஒப்பந்தங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. இலக்கமிட்ட ஒப்பந்தங்களில் பலவற்றின்படி ஆண்டுக்கு ஒருவருக்கு 5 டொலர். இப்போதும் ஒப்பந்த நாளில் மேசை போட்டு, சிவப்புச் சீருடையில் ஒரு பொலிஸ் அதிகாரி நிற்க, மக்கள் வரிசையில் வந்து அந்த 5 டொலர் தாளை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாளால் பெரிதாக ஒன்றும் வாங்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாக்குக் கொடுத்தீர்கள், அது முடிந்துபோகவில்லை என்று இரு தரப்பும் நேருக்கு நேர் நிற்பதற்காகத்தான் வருகிறார்கள்.

ரொறன்ரோவும் இந்தக் கணக்குக்குள் அடங்கும்: 1805இன் 13ஆம் ஒப்பந்தம், கிழக்கே 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள். 2021 ஜூன் முதல் குடியுரிமைப் பிரமாணத்திலேயே பூர்வகுடிகளின் ஒப்பந்த உரிமைகளை அரசியலமைப்பு அங்கீகரிக்கிறது என்ற வரி சேர்ந்திருக்கிறது. மன்னர் பெயரைச் சொல்லும் அதே மூச்சில் நீங்கள் அந்த வாக்குக்கும் பொறுப்பேற்கிறீர்கள். பாடமாக்கும்போது இந்த வரியை விழுங்கிவிடாதீர்கள் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

16. எனக்கு மன்னராட்சியில நம்பிக்கை இல்லை. வாயால சொன்னால் பொய்ச் சத்தியம் ஆகாதோ?

இதே மனச்சாட்சிப் பிரச்சினையோடு மூன்று நிரந்தர வதிவாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: பிரமாணம் ஒரு தனிமனிதருக்கோ அரச குடும்பத்துக்கோ செய்வது இல்லை, முடியரசு அடையாளப்படுத்தும் ஆட்சிமுறைக்கும் சட்டத்தின் ஆட்சிக்கும் செய்வது. குடியுரிமை பெற்ற பிறகு மன்னர் வேண்டாம் என்று பேசவும் எழுதவும் கட்சி கட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கேட்க மறுத்ததால் அதுவே முடிவு. வழக்காளிகளில் ஒருவர் 2015இல் பிரமாணம் எடுத்து முடித்த கையோடு, அப்போதிருந்த இராணி பற்றிய பகுதியைத் தான் ஏற்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். குடியுரிமை பறிபோகவில்லை.

கடவுள் பெயரில் சத்தியம் செய்ய விருப்பமில்லாதவர்கள் "உறுதி கூறுகிறேன்" என்று சொல்லலாம். பிரமாணத்தையே விட்டுவிட்டுக் குடியுரிமை பெற முடியாது.

17. ராசா வேண்டாம் எண்டவையே 2025ல அவரைக் கூப்பிட்டுப் பாராளுமன்றத்தில வாசிக்க வைச்சது ஏன்?

7ஆம் விடைதான் காரணம். கனடா 51ஆவது மாநிலமாகட்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. பிரதமர் மார்க் கார்னி மன்னரை அழைத்தார். 2025 மே 27 அன்று ஒட்டாவாவில் சார்ள்ஸ், பாராளுமன்றத்தைத் தொடக்கி அரசின் திட்டங்களைச் சொல்லும் சிம்மாசன உரையை வாசித்தார். முடிசூடியவர் நேரில் வந்து அதை வாசித்தது 1957, 1977க்குப் பிறகு அதுதான். உரையை எழுதுவது கனடிய அரசு. நாங்கள் வேறு, எங்கள் அரசு வேறு என்று தெற்கே கேட்கும்படி சொல்ல, கையில் இருந்த மிகப் பழைய அடையாளத்தை எடுத்தார்கள். மன்னரைப் பற்றிப் பெரிதாக எண்ணாதவர்கள் பலர் அன்று தொலைக்காட்சி பார்த்தார்கள்.

18. பார்படோஸ் விட்டுட்டுது. கனடாவால ஏன் ஏலாது?

பார்படோஸ் 2021 நவம்பர் 30 அன்று குடியரசானது. பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அங்கே போதுமாக இருந்தது. கனடாவில் 1982 அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு வழியை மறிக்கிறது: மன்னர், ஆளுநர் நாயகம் பதவிகளில் கைவைக்க மக்கள் சபை, செனற், பத்து மாகாணச் சட்டசபைகள் எல்லாமே ஒப்பவேண்டும். பிரின்ஸ் எட்வேட் தீவு ஒன்று மட்டும் மாட்டேன் என்றாலும் காரியம் நின்றுவிடும். 1982 அரசியலமைப்பைக் கியூபெக்கும் ஏற்கச் செய்வதற்கான மீச் லேக் உடன்படிக்கைக்கும் பத்து மாகாணங்களின் சம்மதம் தேவைப்பட்டது. மூன்று ஆண்டு இழுபட்டு, இரண்டு மாகாணங்களில் நிறைவேறாமல் 1990இல் அது செத்தது. அந்தக் காயத்துக்குப் பிறகு அரசியலமைப்பைத் திறக்க எந்தப் பிரதமரும் துணிவது அரிது.

அந்தத் தடை தாண்டினாலும் 15ஆம் விடையில் சொன்ன ஒப்பந்தங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒரு பக்கம் கையெழுத்திட்டது முடியரசு. அந்தத் தரப்பை மாற்றுவதென்றால் மறுதரப்பைக் கேட்காமல் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. குடியரசுக் கனடா வேண்டும் என்று என்னிடம் வாதாடும் இளம் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த 5 டொலர் மேசைக்கு அந்தப் பக்கம் யாரை நிறுத்துவீர்கள், அதற்கு முதற்குடிகளின் தலைவர்களிடம் முதலில் போய்ப் பேசினீர்களா?